குரூப் போட்டோவில் ஓர் ஓட்டை

ஜூலை 1, திங்கள்

உப்பள முதலாளி ஒருவர் வருடா வருடம் கல்லூரிக்கு டைரி கொடுப்பார். பேராசிரியர்களுக்குப் போனது போக மிஞ்சியதில் ஒன்று எனக்கு வரும். ஆறு மாதமாக வெறுமனே கிடந்தது. இன்று எழுத ஒரு சங்கதி கிடைத்திருக்கிறது. மச்சாது ஏழு தகரப் பெட்டியாக வந்து இறங்கியிருக்கிறார்.

லயனல் மச்சாது. எங்கள் கல்லூரியில் 1970 முதல் 1990 வரை கால்பந்துப் பயிற்சியாளர். போன வருடம் செத்துப்போனார். அவருடைய காகிதங்களை மகள் ஜெசிந்தா டீச்சர் லோடு ஆட்டோவில் ஏற்றி வந்து நூலக வாசலில் இறக்கினார். கல்லூரிக்கு இது எழுபத்தைந்தாவது ஆண்டு. பழைய மாணவர்கள் சேர்ந்து விளையாட்டுக் காப்பக அறை ஒன்று கட்டியிருக்கிறார்கள். ஆகஸ்ட் ஒன்பது திறப்பு விழா. அதற்குள் பெட்டிகளைப் பிரித்து, அடுக்கி, பட்டியல் போட வேண்டும். யார் போடுவது? நூலக உதவியாளர் ஐகோர்ட்துரை இருக்கவே இருக்கிறான்.

"நீங்க பழைய பிளேயராச்சே" என்று முதல்வர் சிரித்தார்.

பிளேயர்தான். மொத்தம் ஐந்து நிமிடம் விளையாடிய பிளேயர்.

ஜூலை 2, செவ்வாய்

முதல் பெட்டி. உடற்பயிற்சி வகுப்பு வருகைப் பதிவேடுகள். ஒரே தூசி. வீட்டுக்கு வந்து ஆவி பிடித்தேன். செல்வக்கனிக்கு பிரஷர் மாத்திரை வாங்க மறந்துபோய் வசவு வாங்கினேன்.

ஜூலை 4, வியாழன்

ஐகோர்ட் என்று எனக்குப் பெயர் வைத்தது அப்பா. குலசாமி பெயர். பெயர்தான் ஐகோர்ட், என் வழக்கை எந்தக் கோர்ட்டும் எடுக்கவில்லை. அதை இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

1990 பிப்ரவரி. கல்லூரிகளுக்கு இடையிலான இறுதி ஆட்டம். எங்கள் கோல்கீப்பர், ஊர்ப் பேச்சில் கோலி, பாக்கியநாதன். நான் மாற்று கோலி; மூன்று வருடமும் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து வெல்லக்கட்டியும் எலுமிச்சையும் பங்கு வைத்தவன். ஒன்றுக்குச் சைபர் என்று ஜெயித்துக்கொண்டிருக்கிறோம். ஆட்டம் முடிய ஐந்து நிமிடம். பாக்கியநாதனுக்கு அடியில்லை, காயமில்லை. மச்சாது எழுந்து அவனை வெளியே கூப்பிட்டார். என் முதுகில் ஒரு தட்டு. "போலே, உள்ள போ" என்றார்.

கையுறையைச் சரியாக இறுக்கக்கூட இல்லை, முதல் கோல் விழுந்தது. இரண்டாவது என் இரண்டு காலுக்கும் நடுவே போயிற்று. விசில் ஊதிவிட்டார்கள்.

அன்றிலிருந்து ஊருக்குள் என் பெயர் அஞ்சு நிமிச கோலி. என் கல்யாணத்தில் பந்தி பரிமாறினவன்கூடச் சொன்னான்.

மச்சாதுவுக்கு இது புதிதல்ல. ஏழு முறை இறுதிக்கு வந்து ஏழு முறையும் கோட்டை விட்ட மனிதர். இறுதி என்றில்லை, எந்தப் பெரிய ஆட்டத்திலும் கடைசி நேரத்தில் நல்ல ஆட்டக்காரனை வெளியே எடுப்பார், ஒன்றுக்கும் உதவாதவனை உள்ளே விடுவார். ஏன் என்று யாரும் கேட்க முடியாது. அதற்குப் பிறகு எவனோ ஒரு மொட்டைக் கடிதாசி போட்டான். எதிரணிக்கு விலைபோய்த்தான் மச்சாது ஆளை மாற்றுகிறார் என்று. விசாரணை வந்தது, அவர் வாயே திறக்கவில்லை. கால்பந்தைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஓய்வு பெறும் வரை காலை டிரில்லும் வருகைப் பதிவும்தான் அவருக்கு.

எவன் போட்டானோ. நல்ல காரியம்தான் செய்தான்.

ஜூலை 5, வெள்ளி

ஜெசிந்தா டீச்சர் பள்ளிக்கூடம் விட்டு வந்தார். ஐம்பது வயதிருக்கும். கன்னத்தில் அப்பா மாதிரியே குழி. அந்தக் குழியைப் பார்த்தாலே எனக்கு எரிகிறது.

"அண்ணாச்சி, ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அந்த ரூமுக்கு அப்பா பேர வைக்கணும்னு பழைய ஸ்டூடன்ஸ் கேட்டாங்க. நிர்வாகம் மாட்டேங்குது. விசாரணையில அவரு பதிலே சொல்லல, அதனால பேரு வைக்க முடியாதுங்காங்க. ஏன் அப்படி ஆள மாத்துனாருன்னு ஒரு துண்டுத் தாள் கெடச்சாலும் போதும்ங்காரு பிரின்சிபால். கெடைக்கலன்னா பணம் குடுத்த பாக்கியநாதன் சார் பேர வச்சிருவாங்களாம்."

"நீங்க பாக்கலியா?" என்றேன்.

"அப்பா இருந்தவரைக்கும் பெட்டிய யாரையும் தொடவிட மாட்டாரு. போனப்புறம் எனக்குத் தொடத் தைரியமில்ல. வெலபோனவன் பொண்டாட்டின்னு மீன் மார்க்கெட்ல ஒருத்தி சொன்னத அம்மா சாவுற வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தா. எனக்கு அந்த ஒரு தாள் வேணும் அண்ணாச்சி."

பார்க்கிறேன் என்றேன். பார்க்கத்தானே சம்பளம்.

ஜூலை 8, திங்கள்

இரண்டாம் பெட்டி. பந்து வாங்கிய ரசீது, ஊசி நூல் வாங்கிய ரசீது, பையன்களுக்கு முட்டை வாங்கிய ரசீது. மனிதர் எதையும் எறிந்ததில்லை.

இங்கே நான் வேலைக்குச் சேர்ந்த கதை ஒன்று உண்டு. 1991. பியூனாகத்தான் முதலில் சேர்ந்தேன். சேர்ந்த மறுமாதம் மச்சாது ஒரு காக்கிக் கவரோடு வந்து என் மேஜையில் வைத்தார். பத்துப் பதினைந்து மாணவர்கள் நின்றார்கள். "துரை, இத ஒரு தடவ பிரிச்சுப் பாரு" என்றார். நான் கையைக் கட்டிக்கொண்டு, "லைப்ரரியில புஸ்தகம் மட்டும்தான் வாங்குவோம்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். கவரை எடுத்துக்கொண்டு போனார். முப்பத்து மூன்று வருடத்தில் நான் ஜெயித்த ஒரே ஆட்டம் அது.

ஓய்வு பெற்ற பிறகு தினமும் காலை பத்து மணிக்குப் பேப்பர் படிக்க வருவார். விளையாட்டுப் பக்கத்தை முன்னமே உருவி மேஜை இழுப்பறையில் வைத்துவிடுவேன். பத்தொன்பது வருடம். ஒரு நாளும் கேட்டதில்லை. இருக்கிற பக்கங்களைப் படித்துவிட்டு, மடிப்புக் கலையாமல் வைத்துவிட்டுப் போவார்.

ஜூலை 9, செவ்வாய்

மூன்றாம் பெட்டி. புகைப்படங்கள்.

1990 குழு. ஆட்டத்துக்கு முந்தின நாள் எடுத்தது. பின்வரிசையில் இடமிருந்து ஐந்தாவது நான். உடம்பு இருக்கிறது. கட்டிய கை இருக்கிறது, கையுறை இருக்கிறது. கழுத்துக்கு மேலே ஓட்டை. என் தலையை மட்டும் கத்தரியால் சதுரமாக வெட்டி எடுத்திருக்கிறார். மற்ற பதினேழு பேரும் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். தூக்கிப் பிடித்தால் என் தலை இருந்த இடத்தில் நூலகத்து ட்யூப்லைட் தெரிகிறது.

தோற்றதற்குக் காரணம் நான் என்று இப்படி ஒரு வன்மமா? உள்ளே அனுப்பியது யார்?

சாப்பாடு இறங்கவில்லை. செல்வக்கனி என்ன என்று கேட்டாள். நெத்திலிக் குழம்பில் உப்பு அதிகம் என்றேன். அதற்கு ஒரு சண்டை.

ஜூலை 10, புதன்

நான்காம் பெட்டி முழுக்க நோட்டு. பந்தயக் குறிப்பு, பயிற்சிக் குறிப்பு. ஒன்றில் மட்டும் அட்டை போட்டு 'பையன்கள்' என்று எழுதியிருந்தது. நாற்பது சொச்சம் பெயர். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு தேதி, ஓர் எண், அப்புறம் மின்வாரியம், துறைமுகம், போலீஸ், வங்கி என்று ஏதாவது ஒன்று. தான் தேற்றி வளர்த்தவர்கள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று பெருமைப் பட்டியல் போலிருக்கிறது. எண் என்னவோ, மார்க்காக இருக்கும். ஐந்து, நான்கு, ஏழு. கடைசிப் பெயர் என்னுடையது. எனக்கும் ஐந்து போட்டிருந்தார். அதற்கு எதிரே ஒன்றும் இல்லை, வெறும் இடம்.

அதிலும் எனக்குச் சைபர்.

நூலகத்துக்குப் பழைய பேப்பர் எடுக்க வரும் இசக்கி மத்தியானம் வந்தான். நான்காம் பெட்டியைத் தகரத்தோடு அவன் வண்டியில் ஏற்றிவிட்டேன். பட்டியலில் நான்காம் எண்ணை ஐந்தாம் பெட்டிக்குக் கொடுத்தேன். யாரும் எண்ணப்போவதில்லை.

நல்ல தூக்கம்.

ஜூலை 11, வியாழன்

பல்வலி.

ஜூலை 16, செவ்வாய்

பாக்கியநாதன் வந்தான். வங்கியில் பெரிய அதிகாரியாக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவன். தலைக்குச் சாயம், காலில் வெள்ளை ஷூ. எல்லோர் முன்னாலும் என்னைக் கட்டிப்பிடித்தான்.

"ஏல ஐகோர்ட்டு, அப்படியே இருக்கியேலே. பேப்பர்ல ஏதாவது கெடச்சுதா? கெடச்சா சொல்லிரு. எம்பேரு எனக்கு எதுக்குலே, சார் பேரே இருக்கட்டும். மனுசன் வெலபோற ஆளில்ல. எனக்கு அந்த வங்கி வேலைக்குப் பாரம் பூர்த்தி பண்ணித் தந்ததே அவருதான்."

நெஞ்சில் கையை வைத்துத்தான் சொன்னான். இவனையாவது முழுசாக வெறுக்கலாம் என்றால் அதற்கும் வழி விடமாட்டேன் என்கிறான்.

போகும்போது திரும்பி, "ஒன்னையும் ரெண்டு போட்டோ எடுத்துட்டு வரச் சொல்லி எங்கிட்ட மூணு தடவ சொல்லிவிட்டாரே, ஏம்ல போகல?" என்றான்.

ஞாபகம் இல்லை என்றேன்.

ஞாபகம் இருக்கிறது. தோற்ற மறுவாரம். வீட்டுக்கு வந்து, "சார் ஒன் போட்டோ ரெண்டு கேக்காரு" என்று இவன்தான் சிரித்துக்கொண்டே சொன்னான். கோட்டை விட்டவன் படம் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டப்போகிறார்கள் என்று நினைத்தேன். இருபது வயதில் வேறு எப்படி நினைக்க.

ஜூலை 22, திங்கள்

ஐந்தும் ஆறும் முடிந்தன. கேடயம் ஒன்றிரண்டு, நைந்த ஜெர்சி, விசில். காரணம் என்று எதுவும் இல்லை. டீச்சர் போன் செய்தார். ஒரு பெட்டிதான் பாக்கி, அதிகம் நம்பிக்கை வைக்காதீர்கள் என்றேன். சொல்லும்போது எனக்குள் கொஞ்சம் இனிப்பாகத்தான் இருந்தது. டைரியில் பொய் எழுதக்கூடாது.

ஜூலை 23, செவ்வாய்

ஏழாம் பெட்டி. அடியில் அந்தக் காக்கிக் கவர்.

மேலே என் பெயர். ஒட்டு பிரிக்கப்படவில்லை. நான் பிரித்தேன்.

முதல் தாள்: விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கான சான்றிதழ்ப் படிவம், என் பெயரில். பல்கலைக்கழக இறுதி ஆட்டத்தில் களம் இறங்கியவர் என்று டைப் அடித்து, மச்சாது கையெழுத்துப் போட்டு, முதல்வர் முத்திரை வைத்து, எல்லாம் தயார். புகைப்படம் ஒட்டும் சதுரத்தில் என் தலை. குரூப் போட்டோவிலிருந்து வெட்டி எடுத்த என் இருபது வயதுத் தலை. கோணாமல் மாணாமல் ஒட்டியிருக்கிறார். கீழே விண்ணப்பதாரர் கையெழுத்து என்ற இடம் மட்டும் காலி. கூடவே ஒரு வங்கியின் விளம்பரத் துண்டு. கடைசி நாள் 1991 ஆகஸ்ட் 31. அவர் நூலகத்துக்கு வந்தது ஆகஸ்ட் பத்தோ பன்னிரண்டோ.

இரண்டாம் தாள் எனக்குக் கடிதம். அப்படியே எழுதிக்கொள்கிறேன்:

'துரை, உன்னை இறக்கியது தோற்பதற்காக அல்ல. வெளியே உட்கார்ந்திருந்தவனுக்கு இந்தப் படிவம் கிடையாது. களத்தில் கால் வைத்தவனுக்குத்தான் உண்டு. நன்றாக ஆடுகிறவன் எப்படியும் பிழைத்துக்கொள்வான். வீட்டில் கஷ்டப்படுகிற மாற்று ஆட்டக்காரன் ஒவ்வொருவனையும் இப்படித்தான் கடைசி ஐந்து நிமிடம் இறக்கினேன். ஜெயித்துக்கொண்டே இதைச் செய்ய முடியும் என்று ஒவ்வொரு தடவையும் நினைத்தேன். வெளியே சொன்னால் வேலைக்காகத்தான் இறக்கினார் என்று இவ்வளவு பேர் வேலைக்கும் ஆபத்து வரும். அதனால் விசாரணையிலும் சொல்லவில்லை. எல்லாப் பெயரும் ஒரு நோட்டில் இருக்கிறது. உன் பெயருக்கு எதிரே மட்டும் எழுதாமல் இருக்கிறது. நீ போட்டோ தரவில்லை, நானே வெட்டி ஒட்டிவிட்டேன். கையெழுத்து நீதான் போட வேண்டும். கோபத்தைக் கையெழுத்துப் போட்டுவிட்டு வைத்துக்கொள்.'

மூன்றாம் தாள் ஒன்றும் இருந்தது. அதைப் பற்றி எழுதவில்லை.

ஜூலை 24, புதன்

விடிந்ததும் இசக்கியின் குடோனுக்குப் போனேன். மூன்றாவது மைலில் தகரக் கொட்டகை. தராசுக்குப் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"அந்த நோட்டுப் பெட்டியா? அது அப்பவே சிவகாசிக்கு லோடு ஏறிட்டு அண்ணாச்சி. கெட்டித் தாளுல்லா. வெடிக்கு குழாய் உருட்ட கேட்டு வாங்குவாவ. ஏன், முக்கியமானதா?"

"இல்ல" என்றேன்.

தகரப் பெட்டி மட்டும் கிடந்தது. அதில் ஆணி போட்டு வைத்திருக்கிறான்.

எண் மார்க் இல்லை. நிமிடம். எனக்கும் புரியாமல் போயிற்றே. அந்த நாற்பது சொச்சம் பேரும் தீபாவளிக்கு வெடித்துத் தீர்வார்கள். ஒன்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை, என் பெயரைத் தவிர.

ஜூலை 26, வெள்ளி

பனிமய மாதா கோயில் கொடியேற்றம். ஊரே அந்தப் பக்கம் போயிருந்தது. நூலகத்தில் நான் மட்டும்.

மூன்றாம் தாள் மொட்டைக் கடிதாசி. அசல். விசாரணை முடிந்ததும் அவரிடமே கொடுத்திருக்கிறார்கள் போல. பச்சை மை இன்னும் மங்கவில்லை. அதில் எங்கேயும் ஒன்றும் எழுதி வைக்கவில்லை அவர். அதை என் பெயர் போட்ட கவரில் வைத்து ஒட்டியிருக்கிறார், அவ்வளவுதான். தெரிந்துகொண்டுதான் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். தெரிந்துகொண்டுதான் பத்தொன்பது வருடம் வந்து, பாதிப் பேப்பர் படித்துவிட்டுப் போயிருக்கிறார்.

வலது கைக்காரன் இடது கையால் ஒரு பக்கம் எழுதினால் மூன்று நாள் மணிக்கட்டு வலிக்கும். எனக்கு வலித்தது.

ஜூலை 30, செவ்வாய்

யோசித்துப் பார்த்தேன். கடிதத்தை மட்டும் கொடுக்கலாம், அதுவே போதும். ஆனால் நோட்டு எங்கே என்று கேட்பார்கள். கவரில் வேறென்ன இருந்தது என்று கேட்பார்கள். போட்டோவுக்கு ஏன் போகவில்லை என்று கேட்பார்கள். ஓய்வுக்கு இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது. ஊர் இப்போதுதான் அஞ்சு நிமிசத்தை மறந்திருக்கிறது.

நோட்டு இல்லாமல் வெறும் கடிதத்தை யார் நம்புவார்கள்?

நம்புவார்கள். ஜெசிந்தா டீச்சர் நம்புவார். அவர் கேட்டதே ஒரு துண்டுத் தாள்தானே.

ஆகஸ்ட் 1, வியாழன்

முதல்வர் கேட்டார். "ஏதாவது கெடச்சுதா துரை?"

"இல்ல சார்."

பட்டியலில் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். இந்தக் கையெழுத்து மட்டும் உடனே வந்துவிட்டது.

கவர் வீட்டில், பீரோவில், செல்வக்கனியின் கல்யாணப் புடவைக்கு அடியில் இருக்கிறது. என்ன அது என்றாள். ஆபீஸ் பேப்பர் என்றேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

திறப்பு விழா. வாசலில் கறுப்புக் கல்லில் 'பாக்கியநாதன் விளையாட்டுக் காப்பகம்'. பாக்கியநாதன் மைக்கில், "எங்க சார் மட்டும் கடைசி அஞ்சு நிமிசம் கண்ண மூடிட்டு உக்காந்திருந்தா இந்த அலமாரி பூரா கப்பா இருக்கும்" என்றான். கூட்டம் சிரித்தது. பாசமாகத்தான் சொன்னான். முன்வரிசையில் ஜெசிந்தா டீச்சரும் சிரிக்கிற மாதிரி வாயை வைத்துக்கொண்டார். நான் பாட்டில் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

கூட்டம் கலைந்த பிறகு டீச்சர் அறைக்குள் வந்தார். பெட்டிகளை விரலால் எண்ணினார்.

"ஏழு குடுத்தேனே அண்ணாச்சி. ஒரு பெட்டிய காணுமே?"

"கரையான்மா. பிரிக்கும்போதே மண்ணா இருந்துச்சு. சொன்னா சங்கடப்படுவீங்கன்னு சொல்லல."

தலையை ஆட்டினார். சுவரில் 1990 குழுவின் படம் கண்ணாடி போட்டுத் தொங்கியது. தன்னுடைய அணி என்று பாக்கியநாதன் பிடிவாதமாக மாட்டச் சொன்னது. டீச்சர் அதன் பக்கத்தில் போய் நின்றார். பின்வரிசை, இடமிருந்து ஐந்தாவது.

"இது யாரு?"

"தெரியலம்மா."

"தலைய யாரு எடுத்தா?"

"அதுவும் கரையான்தான்."

அந்தச் சதுரத்தைக் கண்ணாடி மேலேயே விரலால் சுற்றிப் பார்த்தார். நாலு மூலையும் தொட்டார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"சரி அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 12, திங்கள்

பத்து மணிக்கு விளையாட்டுப் பக்கத்தோடு பேப்பரை மேஜையில் வைத்தேன். யாரும் வரவில்லை.

ஆகஸ்ட் 14, புதன்

நூலகத்துக்கு என் பெயரில் கூரியர். அனுப்பியது ஜெசிந்தா டீச்சர். கரையான் மருந்து, மூன்று டப்பா. கூடவே ஒரு சீட்டு: 'அண்ணாச்சி, அப்பாவோட பேப்பர்ல இனிமே ஒண்ணுகூட போயிறக் கூடாது. மாசம் ஒரு தடவை அடிங்க. உங்களை நம்பித்தான் விட்டுட்டு வந்திருக்கேன்.'

மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு சாயங்காலமே அடித்தேன். ஆறு பெட்டிக்கும் அடித்தேன். நான்காவது இருக்க வேண்டிய இடத்திலும் அடித்தேன். மிச்ச மருந்தை வீட்டுக்குக் கொண்டுவந்து பீரோவில், அந்தப் புடவைக்கு அடியில் இருக்கும் கவருக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.